பூத்திருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டை இப்போது தொட்டி மாற்றலாமா?

வேளச்சேரி மாடி:

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற நாளில் என் மகள் ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ் செடியைப் பரிசளித்தாள். நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது ஒரே பூந்தண்டில் 9 பூக்களும் 3 மொட்டுகளும் இருந்தன. 10 வாரங்கள் கழிந்த பிறகும் 6 பூக்களும் 2 மொட்டுகளும் மிஞ்சியிருக்கின்றன. சென்னையில் இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை 8 மணிக்குமேல் நேர்வெயில் விழுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றுகிறேன். செடி ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பாசி அடைத்து நடப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பை ஒரு பீங்கான் தொட்டிக்குள் இருக்கிறது.

இப்போது மூன்று வேர்கள் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிட்டன, அடியிலுள்ள ஓர் இலையும் மஞ்சளாகிவிட்டது. வேருக்கு இடம் போதவில்லை, பெரிய மண்தொட்டியில் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பூவோடு இருக்கும் செடியைத் தொடவே கூடாது என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். மகள் கொடுத்த செடி என்பதால் தவறு செய்துவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கோவைத் தோட்டம்:

வணக்கம் அம்மா. முதலில், செம்மண்ணும் எருவும் வேண்டவே வேண்டாம். ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடி அல்ல. காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, வேர்களைக் காற்றில் விட்டு வாழும் செடி. நம் ஊர் மாமரங்களில் தானாகவே வளரும் வாண்டா டெசெல்லேட்டா என்ற ஆர்க்கிட்டைப் பார்த்திருந்தால், அதன் வேர்கள் பட்டையின்மேல் படர்ந்தும் அந்தரத்தில் தொங்கியும் இருப்பது நினைவுக்கு வரும். வேரைச் சுற்றியுள்ள வெண்மையான பஞ்சு போன்ற உறைதான் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அந்த உறைக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணுக்குள் புதைத்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

எனவே வேர் வெளியே நீள்வது இடப் பற்றாக்குறையின் அடையாளம் அல்ல, அது இந்தச் செடியின் இயல்பு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே ஓர் இலை மெல்லப் பழுப்பதும் பெரும்பாலும் முதுமைதான். பூக்கள் 2, 3 மாதம் நிற்கக் கூடியவை. அவை உதிரும் வரை பொறுத்து, பிறகு தொட்டி மாற்றுவதே வழக்கம். பூவைத் தாங்கிக்கொண்டிருக்கும் செடியின் வேரைக் கலைத்தால் மொட்டுகள்தாம் முதலில் விழும்.

தண்ணீர் ஊற்றும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நாள் கணக்குப் பார்க்காமல் வேரின் நிறத்தைப் பாருங்கள். நனைந்த வேர் பச்சையாகவும் காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் தெரியும். வெள்ளி நிறத்துக்கு வந்த பிறகு ஊற்றினால் போதும்.

குரோம்பேட்டை ஆர்க்கிட்:

கோவை நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் "பூ உதிரும் வரை பொறுங்கள்" என்பதை, கோப்பைக்குள் பார்க்காமலே சொல்ல முடியாது என்பது என் கருத்து. முன்பு ஒரு முறை நான் அப்படித்தான் பொறுத்தேன். மேலே பாசி உலர்ந்திருந்தது, பூக்களும் அழகாக நின்றன. மூன்று மாதம் கழித்து இலைகள் துவண்ட பிறகு எடுத்துப் பார்த்தபோது வேர்கள் இருந்த இடத்தில் நார் மட்டுமே கிடந்தது. இந்தச் செடி தன் இலைகளில் தேக்கி வைத்த நீரைக் கொண்டே பல வாரங்கள் பூவை நிறுத்திவிடும் என்பதால், பூவின் அழகை வைத்து வேரின் நலத்தைக் கணிக்கக் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அம்மா, முதலில் கோப்பையைப் பீங்கான் தொட்டியிலிருந்து தூக்கிப் பாருங்கள், அடியில் தண்ணீர் நிற்கலாம். பிறகு ஒரு மூங்கில் குச்சியைப் பாசியின் நடுவில் செருகி, 10 நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி ஈரமாகவும் புளித்த நாற்றத்துடனும் வந்தால், செடியை மெதுவாக வெளியே எடுத்து வேர்களை விரலால் அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

வேளச்சேரி மாடி:

இருவருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன். பீங்கான் தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. குச்சி ஈரமாக வந்ததால் செடியையும் எடுத்துப் பார்த்தேன். பாசிக்கு நடுவே, எலுமிச்சம்பழ அளவில் கடற்பஞ்சு போன்ற ஓர் உருண்டை ஊறிக்கிடந்தது. கோப்பைக்குள் இருந்த 7 வேர்களில் 4 உறுதியாக உள்ளன. மூன்றைத் தொட்டாலே தோல் கழன்று வருகிறது. இலைகள் விறைப்பாகவே இருக்கின்றன. இனி என்ன செய்வது?

கோவைத் தோட்டம்:

இந்த நிலையில் என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். குரோம்பேட்டை நண்பர் சொன்னதே சரி. அந்த உருண்டை நாற்றுப் பருவத்தில் வைத்தது. செடி பெரிதான பிறகும் நடுவில் கிடந்து காயாமல் இருக்கிறது. பூவுக்காகக் காத்திருந்தால் மீதி 4 வேர்களுக்கும் அழுகல் பரவும். இன்னொரு காரணமும் உண்டு: இப்போது மாற்றினால் கத்திரி வெயில் வருமுன் புது வேர் விட இரண்டு மாதமாவது கிடைக்கும்.

உருண்டையையும் பழைய பாசியையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். கத்தரியை அடுப்புச் சுடரில் காட்டி, ஆறிய பிறகு, அழுகிய வேர்களை நல்ல பகுதி தெரியும் இடம் வரை வெட்டுங்கள். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நல்ல வேரின்மேல் படக் கூடாது. வேர்கள் குறைந்துவிட்டதால் பெரிய தொட்டி தேவையில்லை. அதே அளவுள்ள, பக்கங்களிலும் துளையிட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. மரப்பட்டைத் துண்டுகளும் கரித்துண்டுகளும் சம அளவில் இட்டு நிரப்புங்கள். பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு நாள் ஊறவைத்து, பலமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பொடியான தென்னை நார்க்கழிவு பாசியைப் போலவே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது வேண்டாம்.

வெளியே நீண்ட வேர்களை உள்ளே மடக்காதீர்கள், ஒடிந்துவிடும். கீழ் இலையின் அடி புதையக் கூடாது. செடி ஆடினால் புது வேர் பிடிக்காது, ஆகவே ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். 4 நாள் தண்ணீர் வேண்டாம், ஒரு மாதம் உரம் வேண்டாம்.

குரோம்பேட்டை ஆர்க்கிட்:

பூந்தண்டை இப்போதே வெட்ட வேண்டியதில்லை. இலைகள் சுருங்கத் தொடங்கினால் மட்டும் தயங்காமல் அடியோடு வெட்டிக் குவளை நீரில் வையுங்கள், பூக்கள் அங்கேயும் பல நாள் நிற்கும். மறுபடி பூக்குமா என்ற கவலை வேண்டாம். சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் புதுத் தண்டு எழும்; சென்னையில் அது டிசம்பர், ஜனவரி இரவுகளில் கிடைக்கிறது. அந்த மாதங்களில் செடியை அறைக்குள் வைக்காமல் பால்கனியிலேயே விட்டுவிடுங்கள்.

வேளச்சேரி மாடி:

சனிக்கிழமை மாற்றிவிட்டேன், மகளும் உடன் இருந்தாள். மட்டைத் துண்டுகளை ஊறவைத்த முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது, நான்காம் முறைதான் தெளிந்தது. இன்று 9ஆம் நாள். இரண்டு மொட்டுகளும் மஞ்சளாகி விழுந்துவிட்டன. 6 பூக்களும் நிற்கின்றன, இலைகள் சுருங்கவில்லை. வெளியே நீண்ட வேர்களில் ஒன்றின் நுனி பச்சையாக அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. பீங்கான் தொட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவின் துளசிக்குத் தரலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் துளையிட ஆள் கிடைத்ததும் கொடுத்துவிடுவேன்.