மறு: குயில்ட், குயில்ட்டிங் – தமிழ்ச்சொல் வேண்டும் (ஊடுதையல்?)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பரிசாகக் கொடுப்பதற்கு ஓரிரு நாள்களில் தைத்து முடிக்கக்கூடிய எளிய குயில்ட்டுகளைப் பற்றித் தொடக்கநிலையினருக்காகக் கையேடு ஒன்று எழுதிவருவதாகவும், அதற்குக் குயில்ட், குயில்ட்டிங் ஆகிய இரண்டுக்கும் அவற்றைச் சார்ந்த சில சொற்களுக்கும் தமிழ் வேண்டும் என்றும் இவ்விழையைத் தொடங்கிய அம்மையார் கேட்டிருந்தார். இதுவரை ஒட்டுப்போர்வை, பஞ்சுப்போர்வை, துன்னப்போர்வை, குயிற்றுப்போர்வை என நான்கு சொற்கள் வந்துள்ளன. சில ஆண்டுகளாக இவற்றைத் தைத்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவருபவள் என்ற முறையில், நான்கையும் தையல் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள்க.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்குகள். அம்மூன்றையும் ஒருசேரத் துளைத்துச் செல்லும் தையல். நான்கு பக்கமும் விளிம்பை மூடும் பட்டை. இவ்வளவே குயில்ட். ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ‘குல்கிதா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் பஞ்சு முதலியன அடைத்த மெத்தை அல்லது திண்டு. ஆக, மூலச்சொல்லில் துண்டுத்துணியும் இல்லை, போர்த்துவதும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

> ‘ஒட்டுப்போர்வை’ என்றால் படம் பார்த்தவுடன் எவருக்கும் புரிந்துவிடும்.

படத்தில் தெரிவது புரியும் என்பது உண்மைதான், ஐயா. ஆனால் படத்தில் தெரிவது மேல்துணி மட்டுமே. பல வண்ணத் துண்டுகளை இணைப்பது மேல்துணியை உருவாக்கும் வழிகளுள் ஒன்றேயன்றி, குயில்ட்டின் இலக்கணம் அன்று. அம்மையாரின் கையேட்டில் முதலில் வரவேண்டிய எளிய வகையே முழுத்துணியில் செய்வதுதான்: அழகிய அச்சுத்துணி ஒன்றை அப்படியே மேலே வைத்து, மூன்றடுக்கையும் சேர்த்து நேர்கோடுகளாகத் தைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதில் ஒட்டும் இல்லை, துண்டும் இல்லை. அதை ஒட்டுப்போர்வை என்று எப்படி அழைப்பது? மேலும், தமிழில் துணிக்கு ஒட்டுப்போடுவது என்றால் கிழிந்ததைச் சரிசெய்வது. புதுத்துணி எடுத்து, அளந்து, வெட்டி, அன்போடு தைத்துக் கொடுக்கும் ஒன்றின் பெயரிலேயே கிழிசல் வந்து ஒட்டிக்கொள்வதை நான் விரும்பவில்லை.

துன்னப்போர்வைக்கும் இதே தடை உண்டு. ஆனால் அது சற்று நின்று பேசவேண்டிய சொல். துன்னம் என்பது தையலுக்குரிய பழந்தமிழ்ச் சொல் என்பதில் ஐயமில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் தையற்காரர் ‘துன்னகாரர்’ என்றே குறிக்கப்படுகின்றனர். அச்சொல்லைப் பரிந்துரைத்த புலவர் ஐயா, பொருநராற்றுப்படையின் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்னும் தொடரையும் எடுத்துக்காட்டியிருந்தார். வேற்று நூல் நுழைந்து நுழைந்து தைக்கப்பட்ட துணி என்ற அந்தச் சித்திரம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஐயா, அத்தொடர் அங்கே வருகின்ற இடத்தை ஒருமுறை பாருங்கள். ஈரும் பேனும் குடிகொண்ட, வியர்வையில் நனைந்த அந்தத் துன்னற் சிதாரை நீக்கிவிட்டுத்தான், இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத நுண்மையான ஆடையை மன்னன் பரிசாக நல்குகிறான். அந்தப் பாட்டில் பரிசு வந்ததும் கழிந்துபோவது துன்னல். பரிசாகக் கொடுக்கப்போகும் பொருளுக்கு அதையே பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சுப்போர்வை என்னும் சொல்லில் இழிவு ஏதும் இல்லை, போதாமைதான் உண்டு. பஞ்சடைத்த ரஜாயும் பஞ்சுப்போர்வைதான், உறைக்குள் செருகும் தடித்த கம்ஃபர்ட்டரும் பஞ்சுப்போர்வைதான். குயில்ட்டை அவற்றிலிருந்து பிரிப்பது பஞ்சு அன்று, பஞ்சை இடம்பெயராமல் பிடித்து நிறுத்தும் நெருக்கமான தையல். நடுவில் வைக்கும் பஞ்சை விற்பவர்கள், தையல்கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை அதன் உறையிலேயே அச்சிடுகிறார்கள். இழைகள் தளர்வாக உள்ள சில வகைகளை 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஒருமுறை தைத்தாக வேண்டும். இழைகள் நன்கு பிணைக்கப்பட்ட சில வகைகளுக்கு 8 முதல் 10 அங்குலம் வரை விடலாம். இந்த எல்லையை மீறினால் சில சலவைகளிலேயே பஞ்சு ஒருபக்கம் திரண்டு மறுபக்கம் வெறுமையாகிவிடும். விரைவாக முடிக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டிய எண் இதுவே, ஏனெனில் எத்தனை கோடுகள் தைக்கவேண்டும் என்பதை அது முடிவுசெய்துவிடுகிறது. ஆகவே பெயர் தையலின்மேல் நிற்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படித் தையலின்மேல் நிற்கும் சொல்தான் குயிற்றுப்போர்வை. இளைய நண்பர் முன்வைத்த இச்சொல்லைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். மதுரைக்காஞ்சியில் மணிகளைத் துளையிடுவோர் ‘திருமணி குயினர்’ எனப்படுகின்றனர். மணிகளைப் பதித்து இழைப்பதைக் குயிற்றுதல் என்பதும் இலக்கிய வழக்கு. துளைத்தல், பதித்தல் என்ற இரு பொருளும் இதற்குப் பொருந்துகின்றன. ஒலியோ குயில்ட் என்பதற்கு அருகிலேயே நிற்கிறது. ஒலியும் பொருளும் இப்படி ஒன்றாக வாய்ப்பது அரிது. எனினும், கையேட்டை வாங்கிப் பிரித்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்காரும் ஒருவர் ‘மூன்றடுக்கையும் குயிற்றுக’ என்ற கட்டளையைப் படித்தால் என்ன செய்வார்? அகராதியைத் தேடுவார், அல்லது பறவையை நினைப்பார். கைவினைக்குரிய சொல் விளக்கமின்றியே கையை நடத்தவேண்டும். பாட்டுக்கும் கட்டுரைக்கும் குயிற்றுதல் இருக்கட்டும். கையேட்டுக்கு வேறு சொல் தேடுவோம்.

என் பரிந்துரை ஊடுதையல். வினையாக ஊடுதைத்தல். ஊடு என்றால் நடுவே, உள்ளே புகுந்து என்பது எல்லார்க்கும் தெரியும்; ஊடுருவுதல், ஊடுபயிர், ஊடுகதிர் ஆகியவை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. மேலிருந்து அடிவரை மூன்றடுக்கையும் ஊடுருவித் தைப்பது ஊடுதையல் என்றால் மேற்கொண்டு விளக்கவேண்டியதில்லை. இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஊடுதல் என்பது பிணங்குதலையும் குறிக்குமே என்பது ஒன்று. தையல் என்ற சொல் உடன் வருவதால் அக்குழப்பம் நிகழாது. நெசவில் ஊடு என்பது குறுக்கிழை ஆயிற்றே, ‘ஊடும் பாவும்’ என்கிறோமே என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. ஆயினும் நெசவின் ஊடும் பாவு நூல்களினூடே நுழைந்து செல்வதால்தான் அப்பெயர் பெற்றிருக்க வேண்டும் எனக் கருதுகிறேன். இங்கே அதே செயலைத் துணிகளின் ஊடே ஊசி செய்கிறது. இரண்டும் உறவுச்சொற்களாக இருப்பதில் தவறில்லை.

இச்சொல்லின் ஆற்றலை எனக்குக் காட்டியது முடிச்சிட்டுச் செய்யும் வகை. தையல்பொறியில் தடித்த அடுக்குகளை ஓட்டத் தயங்குபவர்களுக்கு இதுவே மிக எளிய வழி: தடித்த நூலைக் கீழிறக்கி, சற்றுத் தள்ளி மேலேற்றி, இரட்டை முடிச்சிட்டு, ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடவேண்டும். இதில் தொடர்ந்து ஓடும் தையலே இல்லை. ஒட்டு, துன்னம் என்ற சொற்களெல்லாம் இங்கே வந்து தடுமாறுகின்றன. ஆனால் நூல் மூன்றடுக்கையும் ஊடுருவுவது மாறவில்லை. எனவே தையலை எடுத்துவிட்டு முடிச்சை வைத்தால் ‘ஊடுமுடிச்சு’ என்று சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு வேர்ச்சொல் தன் இனத்தைத் தானே ஈன்று தருமானால் அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இனிப் போர்வை என்ற பின்னொட்டைப் பற்றி. இதில் அனைவரும் சற்றுக் கவனமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். விரைவில் தைத்துப் பரிசளிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பச்சிளங்குழந்தைகளுக்காகத் தைக்கப்படும், ஏறத்தாழ 36 அங்குலச் சதுரங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை போன்ற மென்மையான பொருள்கள் இருக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தைமருத்துவ அகாதெமி அறிவுறுத்துகிறது. மூச்சு அடைபடக்கூடும் என்பதே காரணம். தரையில் விரித்து, விழித்திருக்கும் குழந்தையைப் பெரியவர் கண்காணிப்பில் விளையாட விடுவதற்கே அது உரியது. அப்படியிருக்க அதற்குக் குழந்தைப்போர்வை என்று பெயரிட்டால், வாங்குபவர் போர்த்தத்தானே செய்வார்? ஆகவே அதை ‘ஊடுதையல் விரிப்பு’ என்றே எழுதவேண்டும். இழுத்தால் வாயில் வரக்கூடிய நூல்நுனிகள் இருப்பதால் அதற்கு ஊடுமுடிச்சு வேண்டா என்ற ஒரு வரியையும் சேர்க்கவேண்டும். பெரியவர்களின் மடிக்கும் படுக்கைக்கும் உரியது ஊடுதையல் போர்வை, சுவரில் மாட்டுவது ஊடுதையல் திரை, மேசைக்கு ஊடுதையல் விரிப்பு. பின்னொட்டு பயனுக்கேற்ப மாறட்டும்.

சார்புச்சொற்கள் பலவற்றுக்குப் புதிதாக எதையும் படைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். நடுவில் வைக்கும் பஞ்சான பேட்டிங் என்பதற்குப் பஞ்சணை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படுக்கையைக் குறிப்பது, பொருந்தாது. நடுப்பஞ்சு போதும். பாலியெஸ்டரையும் மக்கள் பஞ்சு என்றே சொல்கிறார்கள். விளிம்பை மூடும் பைண்டிங் என்பது ஓரப்பட்டை. அடுக்குகளை நகராமல் தற்காலிகமாகப் பிணைப்பதற்கு ஊக்கு குத்துதல் என்றே எழுதலாம், செய்வதும் அதுதான். இரு துணிகளின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, பஞ்சையும் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, கை நுழையும் அளவுக்கு விட்ட இடைவெளி வழியாகப் புரட்டி எடுக்கும் முறை ஒன்று உண்டு. ஓரப்பட்டையே தேவைப்படாத அம்முறைக்குப் ‘புரட்டி முடித்தல்’ என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன்.

தையலுக்கு விடும் துணி என்பதற்கு மட்டும் ஒரு சொல் கூடுதல் அழுத்தத்தோடு வேண்டும். இங்கே அந்த அளவு கால் அங்குலம். ஆடை தைத்துப் பழகியவர்கள் அரை அங்குலமோ அதற்கு மேலுமோ விட்டுப் பழகியிருப்பார்கள். 5 அங்குலச் சதுரங்கள் 64-ஐ எட்டுக்கு எட்டாக இணைத்தால், இருபுறமும் கால் அங்குலம் உள்ளே போய் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாகி, மொத்தம் 36 அங்குலம் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தாலும், ஒரு வரிசையின் 7 இணைப்புகளில் முக்கால் அங்குலத்துக்கும் மேல் குறைந்துவிடும். வரிசைக்கு வரிசை பிடிப்பு மாறினால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தா. ‘தையற்பிடி’ என்று வைக்கலாமா? உள்ளே பிடித்துத் தைப்பது என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால், கால் அங்குலத் தையற்பிடி என்றால் இயல்பாகவே ஒலிக்கிறது.

துண்டுகளை இணைப்பதற்குத் துண்டிணைப்பு. வெட்டியே விற்கப்படும் இரண்டரை அங்குல அகலப் பட்டைகளின் சுருளுக்கு ஆங்கிலத்தில் ‘ஜெல்லி ரோல்’ என்று தின்பண்டத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மொழிபெயர்ப்பது வீண், ‘பட்டைச்சுருள்’ என்பதே தெளிவு. விரைவு என்று பார்த்தால் இதற்கு இணையில்லை. 42 அங்குல நீளமுள்ள 40 பட்டைகளை நுனியோடு நுனி தைத்து ஒரே நெடும்பட்டையாக்கி, அதை இரண்டாக மடித்து நீளவாட்டில் தைத்து, மடிப்பை வெட்டி விரித்து, மீண்டும் மடித்துத் தைத்து, இப்படி ஐந்து முறை செய்தால் 32 வரிசைகள் வந்துவிடும். ஏறத்தாழ 50 அங்குல அகலமும் 64 அங்குல உயரமும் கொண்ட மேல்துணி ஆயத்தம். எந்த நிறம் எங்கே விழும் என்பது தைத்து முடிக்கும்வரை தைப்பவருக்கே தெரியாது. இதற்கு ‘மடிப்பிணைப்பு’ என்று பெயர் சூட்டலாம் எனத் தோன்றுகிறது, கருத்துக் கூறுங்கள்.

இச்சொற்களைக் கொண்டு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்: ‘மடிப்பிணைப்பில் செய்த மேல்துணியை நடுப்பஞ்சின்மேல் விரித்து, அடியில் அடித்துணி சுருக்கமின்றி இருக்கிறதா என்று பார்த்து, ஊக்கு குத்துக. நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி, 4 அங்குலத்துக்கு ஒரு கோடாக ஊடுதைக்க. பிறகு ஓரப்பட்டை தைக்க.’ தையல் மட்டும் தெரிந்த, குயில்ட் என்றால் என்னவென்று தெரியாத பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நடுப்பஞ்சின் தடிமன் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்; ஊடுதைக்க என்பதற்குப் பொருள் கேட்கவில்லை.

எஞ்சியிருப்பது ஒன்று. இரு துண்டுகள் இணையும் கோட்டின் பள்ளத்திலேயே, தையல் வெளியே தெரியாதபடி ஊடுதைக்கும் முறைக்கு ‘இணைப்புவழித் தையல்’ என்று குறித்துவைத்திருக்கிறேன். பள்ளம் என்ற குறிப்பு அதில் விடுபட்டுப்போகிறது. இதைவிடக் குறுகிய, கைக்கு நெருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால், கையேடு அச்சுக்குப் போகுமுன் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

அன்புடன்.