பேய் அட்டை வாய் திறக்க மாட்டேங்குது

அக்கா: சித்தி, திறந்தா பேயோட வாய் எழும்பி வர்ற மாதிரி ஒரு காகித அட்டை செய்றேன். ஆனா வாய் முன்னாடி வராம பின்பக்கமா பிதுங்குது 😩

சித்தி: மடிப்பு ஒரு பக்கம்தான் பழகியிருக்கும்டி. எப்படி வெட்டின?

அக்கா: ஏ4ல பாதித் தாள், அதை ரெண்டா மடிச்சு, மடிப்போட நடுவுல இருந்து உள்பக்கமா 4 செமீ வெட்டு.

சித்தி: சரிதான். வெட்டோட உள்நுனியில இருந்து மடிப்பு ஓரத்துக்கு, மேல 3 செமீ, கீழ 3 செமீ சாய்வா கோடு போடு. ரெண்டு முக்கோணத்தையும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை நகத்தால அழுத்தி மடி. அப்புறம் தாளைக் கூடாரம் மாதிரி பிடிச்சு முக்கோணத்தை உள்ளே தள்ளி, அப்படியே மூடி அழுத்து. இனிமே திறந்தா உன்னைப் பார்த்துதான் வரும் 👻

மாமா: தாள் என்ன கனம்?

அக்கா: பிரிண்டர் தாள் மாமா

மாமா: அது 80 ஜிஎஸ்எம்தான் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) இருக்கும், நாலு தடவை திறந்தா உதடு தொங்கிடும். உள்தாளுக்கு 160, வெளி அட்டைக்கு 250. கனமான அட்டையை மடிக்கிறதுக்கு முன்னாடி மை தீர்ந்த பேனாவால கோடு கீறிக்கோ, இல்லன்னா மடிப்புல வெடிக்கும்.

சித்தி: வெளி அட்டை சிவப்பா இருக்கட்டும். வாய்க்குள்ள தெரியுறது அதுதான், தொண்டை மாதிரி இருக்கும் 😈

தம்பி: பல்லு தனியா வெட்டி ஒட்டணுமா?

சித்தி: வேண்டாம்டா. நேரா வெட்டுறதுக்குப் பதிலா வளைஞ்சு வளைஞ்சு வெட்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தானா கோர்த்துக்கும். பல்லு 5 மிமீக்கு மேல போனா ஒண்ணோட ஒண்ணு சிக்கும்.

அக்கா: இப்போ வாய் வருது, ஆனா வெளி அட்டையில ஒட்டினதும் அசைய மாட்டேங்குது

மாமா: தாள் பூரா பசை தடவினியா? ஓரத்துல 1 செமீ மட்டும் தடவணும், வாய் பக்கம் ஒரு சொட்டுகூட போகக்கூடாது. வெள்ளைப் பசைன்னா ஈரத்துல தாள் சுருங்கும், குச்சிப் பசை நல்லது. முதல்ல ஒரு பாதி ஒட்டு. அடுத்த பாதிக்குப் பசை தடவிட்டு அட்டையை அது மேல மூடு. ரெண்டு மடிப்பும் ஒரே கோட்டுல உட்காரும்.

தம்பி: என் அட்டையை மூடினா வௌவாலோட தலை வெளியே நீட்டுது. மடிப்புல இருந்து 3 செமீ ரெண்டு வெட்டு வெட்டி, படி மாதிரி உள்ளே தள்ளி, அதுல ஒட்டியிருக்கேன்

மாமா: வௌவால் எவ்வளவு உயரம்?

தம்பி: 8

மாமா: மூடும்போது 3ம் 8ம் சேர்ந்து 11. உன் பக்கமோ 10.5. ஆறாக் குறை, 9ல அடங்கிடும்.

அக்கா: திறந்துடுச்சு 😁 ஒரே ஒரு பல்லு மட்டும் மாட்டுது

சித்தி: அந்தப் பல்லோட நுனியை மட்டும் நகவெட்டியால லேசா கிள்ளிடு