என் மாடி மழைமானியில் 112, செயற்கைக்கோளில் 61: எதை நம்புவது?

மாடிமழை (மடிப்பாக்கம்)
போன நவம்பரில் ஒரே ராத்திரியில் எங்கள் மொட்டை மாடி மானியில் 112 மில்லிமீட்டர். காலை எட்டரைக்குக் குடையோடு ஏறி, கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்துக் குறித்தது, தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. சாயங்காலம் செயற்கைக்கோள்களை வைத்து நாசா போடும் மழைக் கணக்கான ஐமெர்க் தரவை இறக்கி எங்கள் ஏரியாவைப் பார்த்தால் 61 காட்டுகிறது. பாதிதான்! இந்த லட்சணத்தில் உலகம் முழுக்க மழை கூடுகிறதா குறைகிறதா என்று இதே செயற்கைக்கோள்களை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? வீட்டில் மாமா வேறு, "அந்தக் காலத்து மழை எங்கேடா, உலகத்துலயே மழை குறைஞ்சு போச்சு" என்று தினமும் ஆரம்பிக்கிறார்.

பழைய_மானி
தம்பி, நீங்கள் ஒரு சொம்பு வாயளவு இடத்தை அளக்கிறீர்கள். ஐமெர்க்கின் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டருக்கு 10, அதாவது மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் சேர்த்து ஒரே எண். வேளச்சேரியில் கொட்டும்போது தாம்பரத்தில் காய்வதை நாம் பார்த்ததில்லையா? அப்புறம், அன்று சாயங்காலமே கிடைத்தது அவசரப் பதிப்பு. நில மானிகளின் மாதக் கணக்கோடு ஒத்துப் பார்த்துத் திருத்திய இறுதிப் பதிப்பு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஆராய்ச்சிக்கு எடுப்பது அதைத்தான்.

நிலத்து மானிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். உலக மழைக் கணக்குக்குப் பயன்படும் மானிகளின் வாய்களையெல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிரம்பாதாம். பூமியில் 70 சதவீதத்துக்கு மேல் கடல், அங்கே யார் போய் மானி வைப்பது? நுங்கம்பாக்கத்தில் நூறு வருஷத்துக்கும் மேலான கணக்கு இருப்பதால் நமக்கு அந்தக் கஷ்டம் புரிவதில்லை.

கட்டுமரம்
மேலே சொன்னது சரி, ஆனால் நிஜமான தலைவலி வேறு. செயற்கைக்கோளுக்கு ஆயுசு குறைவு. மழையை ரேடார் வைத்து விண்ணிலிருந்து அளந்த முதல் செயற்கைக்கோள் டிஆர்எம்எம், 1997 நவம்பரில் ஜப்பானிலிருந்து போனது, 2015ல் கதை முடிந்தது. அதன் வாரிசான ஜிபிஎம் 2014ல் ஏறியது. பழையது வெப்பமண்டலத்தை மட்டும் சுற்றியது, புதியது வடக்கிலும் தெற்கிலும் 65 பாகை வரை போகிறது, ரேடாரும் இரட்டை அலைவரிசை. பழைய தராசில் நிறுத்ததையும் புதிய தராசில் நிறுத்ததையும் ஒரே நோட்டில் எழுதினால், சரக்கு கூடியதா தராசு மாறியதா என்று தெரியாது இல்லையா, அதே சிக்கல்தான். இரண்டும் சேர்ந்து பறந்த அந்த ஓராண்டை வைத்துத்தான் ஒட்டுப் போடுகிறார்கள். 1979லிருந்து மாதவாரியாக உலகக் கணக்கு இருக்கிறது, ஆனால் மேகத்துக்குள் இருக்கும் மழையை உணரும் மைக்ரோவேவ் கருவிகள் 1987ல்தான் அதில் சேர்ந்தன. அதற்கு முந்தைய வருஷங்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும்.

ஒரு கிளைக்கதை: 2011ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய மெகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் மழையை அளக்கும் கருவிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. 2013லேயே படுத்துவிட்டது. மற்ற கருவிகள் பல வருஷம் ஓடின, 2023 மார்ச்சில் செயற்கைக்கோளைப் பசிபிக் கடல் மேல் இறக்கினார்கள். நம்ம ஊர் பேருக்கு வந்த கதி.

பழைய_மானி
மாமாவுக்கான பதிலை விட்டுவிட்டேன். உலகத்தின் மொத்த மழை பெரிதாக மாறவில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், ஆனால் மொத்த மழை 1 முதல் 3 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் நீர் ஆவியாகவும் வெப்பம் வேண்டுமே. அதனால் பெய்கிற நாளில் வெளுத்து வாங்குகிறது, நடுவில் இடைவெளி நீள்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து ஊர் மூழ்கியது, 2019ல் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இரண்டே சம்பவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதும் உண்மை, மாமாவின் ஞாபகத்தை வைத்தும்தான்.

கட்டுமரம்
கேட்க மறந்தேன், மானியை மாடியில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பக்கத்தில் சுவரோ டேங்க்கோ இருந்தால், அது மானிக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். காற்றடித்த ராத்திரியாக இருந்தால் இன்னும் மோசம்.

மாடிமழை
இப்போதுதான் டேப் எடுத்துப் போய் அளந்தேன். தண்ணி டேங்க் ஆறடி, மானி அதிலிருந்து மூன்றரை அடி. மேலே குழாய் வேறு சொட்டுகிறது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.