ஜமைக்கா மக்களையும் கிரீக் மக்களையும் எதை வைத்து ஒப்பிடுவது?

கயல் கேட்டது:

வணக்கம். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜமைக்கா மக்களின் பொருளாதார, சமூக நிலையையும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வாழும் கிரீக் மக்களின் நிலையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். கிரீக் என்பது வெள்ளையர் வைத்த பெயர், அவர்கள் தங்களை மஸ்கோகி என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது வரை தெரியும்.

தலா வருமானம், ஆயுள், படிப்பு, வேலை என்று பத்தி பிரித்து ஓர் அட்டவணை போட்டேன். மூன்று வாரமாக அதற்கு மேல் நகரவில்லை. ஒன்று ஏறக்குறைய 28 லட்சம் பேர் வாழும் தனி நாடு. மற்றது அமெரிக்காவுக்கு உள்ளேயே தனி அரசாங்கம் நடத்தும், சுமார் ஒரு லட்சம் குடிமக்கள் கொண்ட ஓர் இனம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே ஓர் எண் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2021இல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சராசரி ஆயுள் 65.2 ஆண்டு. அதே சமயத்தில் ஜமைக்காவில் 70 ஆண்டை ஒட்டி இருக்கிறது. பணக்கார நாட்டுக்குள் இருப்பவர்கள் ஏன் முன்னதாகச் சாக வேண்டும்?

யாராவது இந்த இரண்டு ஊர்களையும் பார்த்திருந்தால் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது?

மேண்டவில் வாத்தியார் எழுதியது:

கயல்மா, உன் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜமைக்காவில் மேண்டவில் ஊரில் ஒன்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போது ஆறு வருஷமாக ஓக்லஹோமாவின் டல்சா நகருக்குத் தெற்கே மகள் வீட்டில் இருக்கிறேன். டல்சாவே கிரீக் மக்கள் 1836இல் ஒரு கருவாலி மரத்தடியில் தங்கள் பழைய ஊரின் நெருப்பை மீண்டும் மூட்டி உண்டாக்கிய இடம்தான். அந்த மரம் இன்னும் நிற்கிறது.

அட்டவணையை ஒரு ஓரமாக வை. முதலில் நிலத்தைக் கேள். யார் கையில் இருந்தது, எப்படிப் போனது, மிச்சம் இருப்பது யார் பெயரில் இருக்கிறது என்று கேள். நான் இரண்டு இடத்திலும் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜமைக்காவில் கூட வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் செயின்ட் எலிசபெத் மாவட்டத்தில் இருந்த தன் குடும்ப வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓர் ஈரப்பலா மரம், இரண்டு அக்கி மரம், ஆடுகள், வாசலுக்குப் பக்கத்திலேயே முன்னோர்களின் கல்லறைகள். அந்த நிலத்தைப் பாட்டனாரின் தகப்பனார் விலைக்கு வாங்கியதாம். அதற்குப் பிறகு யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. பிரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. லண்டனில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு வந்த சித்தப்பாவும் ஒரு மூலையில் அறை கட்டிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அங்கே அதைக் குடும்ப நிலம் என்றே சொல்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் எழுதாத கூட்டுப்பட்டா.

அது ஏன் அப்படி வந்தது என்று பார். 1838 ஆகஸ்ட் 1 அன்று ஜமைக்காவில் முழு விடுதலை வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் பேரரசு முழுவதற்குமாகப் பிரிட்டன் ஒதுக்கிய நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. அதுவரை அவர்கள் குடியிருந்த குடிசைக்கும், கிழங்கு போட்டு வயிற்றைக் கழுவிய கொல்லைக்கும் தோட்ட முதலாளிகள் வாடகை கேட்டார்கள். பாப்டிஸ்ட் பாதிரியார்கள் சில இடங்களில் நிலம் வாங்கித் துண்டு துண்டாக விற்று உதவினார்கள். ஸ்லைகோவில் என்ற ஊர் அப்படி வந்ததுதான். ஒவ்வொரு துண்டும் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஆளையே விற்ற காலத்தைக் கண்ட தலைமுறை அல்லவா? இதையாவது என் வம்சத்தில் யாரும் விற்கக் கூடாது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கிரீக் கதை இதற்கு நேர் தலைகீழ். அவர்களுக்கு ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் கடல் போல நிலம் இருந்தது. 1814இல் அமெரிக்கப் படையிடம் தோற்ற பிறகு ஒரே உடன்படிக்கையில் 2 கோடி ஏக்கருக்கு மேல் போனது. 1836இல் மிச்சம் இருந்தவர்களையும் ராணுவத்தை வைத்து மேற்கே துரத்தினார்கள். வந்து சேர்ந்த இடத்திலும் நிலம் இனம் முழுவதற்கும் பொது. உழுகிறவனுக்குப் பயிர் சொந்தம், வீடு சொந்தம், மண் மட்டும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. அதை உடைக்கத்தான் 1901இல் ஆளுக்கு 160 ஏக்கர் என்று தனிப்பட்டா போட்டுக் கொடுத்தார்கள். சிட்டோ ஹார்ஜோ என்ற தலைவர் அதை ஏற்கவே மாட்டேன் என்று நின்றார். பிடித்து உள்ளே போட்டார்கள். 1906இல் டல்சாவுக்கு வந்த செனட் குழுவின் முன்னால் நின்று பழைய உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். அடுத்த வருஷமே அந்த மண் ஓக்லஹோமா மாநிலம் ஆகிவிட்டது.

160 ஏக்கர் பெரிய சொத்துதானே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் பக்கத்து வீட்டுக்காரர் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிரீக் பெரியவர். மேசையில் வரைபடத்தை விரித்து, அவருடைய தாத்தாவுக்குக் கொடுத்த சதுரத்தை விரலால் காட்டினார். அதில் இன்று குடும்பத்தின் கையில் இருப்பது பத்து ஏக்கர். அதிலும் முப்பது வாரிசுகளுக்கு மேல் பங்கு. 1905இல் டல்சாவுக்குப் பக்கத்தில் கிளென் பூல் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் வந்த சட்டம், பாதிக்கும் குறைவான பூர்வகுடி ரத்தம் என்று பங்கீட்டுப் பட்டியலில் பதிவானவர்களின் நிலத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிட்டது. வயது வராத பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றங்கள் வெள்ளைக்காரக் கார்டியன்களை நியமித்தன. பலர் அந்தப் பிள்ளைகளின் எண்ணெய்ப் பணத்தைத் தின்றே பெரிய மனிதர்கள் ஆனார்கள். அந்தச் சதுரத்தைக் காட்டும்போது பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

நிலத்தடியையும் விட்டுவிடாதே. மேண்டவில்லைச் சுற்றிச் சிவப்பு மண், எல்லாம் பாக்சைட், அலுமினியம் எடுக்கும் தாது. ஜமைக்காவில் 1947 சட்டத்தின்படி கனிமம் அரசுக்குச் சொந்தம். அதனால்தான் 1974இல் மைக்கேல் மேன்லி அரசு வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் தனி வரி கேட்க முடிந்தது. பக்கத்து ஓசேஜ் இனம் 1906இல் நிலத்தைப் பிரித்தபோதும் எண்ணெயை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டது. கிரீக் மக்களுக்கு அது வாய்க்கவில்லை. மண்ணோடு சேர்ந்து எண்ணெயும் ஆளாளுக்குப் பிரிந்து, ஆளாளுக்குப் பறிபோனது.

இன்னொன்று. 1866 என்ற வருஷத்தைக் குறித்துக்கொள். 1865இல் மோரன்ட் பே நகரில் பால் போகிள் தலைமையில் நிலமில்லாதவர்கள் கிளம்பியபோது, கவர்னர் அயர் 400 பேருக்கு மேல் கொன்று தீர்த்தார். மறு வருஷம் ஜமைக்காவில் இருந்த சட்டசபையும் போய் நேரடி லண்டன் ஆட்சி வந்தது. அதே 1866இல்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு பிரிவினர் தென் மாநிலங்களோடு சேர்ந்தார்கள் என்று சொல்லி, கிரீக் நிலத்தில் மேற்குப் பாதியை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 32 லட்சம் ஏக்கருக்கு மேல், ஏக்கர் 30 சென்ட்.

சாரதா நர்ஸ் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் நிலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. கயல் கேட்ட ஆயுள் விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஓக்லஹோமாவில் பூர்வகுடிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன்.

முதலில், 65.2 என்பது கொரோனா விழுங்கிய வருஷத்தின் எண். 2019இல் அது 71.8. இரண்டே வருஷத்தில் ஆறரை ஆண்டு குறைந்தது. அது நாடு முழுவதும் உள்ள பூர்வகுடிகளின் கணக்கு, மஸ்கோகி மக்களுடையது மட்டும் அல்ல. கட்டுரையில் இதைச் சொல்லாமல் அந்த எண்ணைப் போடாதே. ஆனால் அந்த ஆறரை ஆண்டை வெறும் எண்ணாகவும் பார்க்காதே. எங்கள் வார்டில் போனவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள். மஸ்கோகி மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே கொஞ்சம்தான், அதிலும் எல்லாரும் வயதானவர்கள். ஒரு பாட்டி போனால் தேவாலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்க ஆள் குறைகிறது.

நோயைப் பொறுத்தவரை சர்க்கரைதான் முதல் எதிரி. ஜமைக்காவிலும் அதே கதைதான் என்று அங்கிருந்து வந்த என் கூட்டாளி சொல்வாள். அங்கே 2008 முதல் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது, ஆனால் நர்சுகள் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவளே அப்படி வந்தவள்தான், அதைச் சொல்லும்போது அழுதாள். இங்கே மத்திய அரசு உடன்படிக்கைப்படி வைத்தியம் தர வேண்டும், ஆனால் ஒதுக்கும் பணம் எப்போதும் பற்றாது. அந்தப் பள்ளத்தை மஸ்கோகி அரசாங்கம் தானே நிரப்புகிறது. 2021இல் டல்சாவில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைக் கட்டடத்தை வாங்கித் தன் மருத்துவமனையாக மாற்றியது. அது நடத்தும் கேசினோ வருமானம் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. சூதாட்டப் பணம் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒருநாள் எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

வரதன் எழுதியது:

வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. கிரீக் மக்கள் இழந்ததை மட்டும் சொன்னீர்கள். அவர்களில் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள், மேற்கே வரும்போதும் கூட்டிவந்தார்கள். ஜமைக்கா மக்களோடு ஒப்பிடும் கட்டுரையில் இதை விட்டால் அது நியாயமா?

மேண்டவில் வாத்தியார் எழுதியது:

வரதன் தம்பி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டது என் தவறு. கயல், இதுதான் உன் கட்டுரையின் நெஞ்சாகவே இருக்கலாம்.

1866 உடன்படிக்கை அந்த அடிமைகளை விடுவித்துக் கிரீக் குடிமக்களாகவே ஆக்கியது. ஃப்ரீட்மென் என்று பெயர். 1901 பங்கீட்டில் அவர்களுக்கும் அதே 160 ஏக்கர். பட்டியலில் ஏறத்தாழ 6,800 பேர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நினைத்துப் பார், அடிமைத்தனத்திலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு இந்த அளவு நிலம் ஜமைக்காவில் கனவில்கூடக் கிடைக்கவில்லை. சேரா ரெக்டர் என்ற சிறுமிக்குக் கிடைத்த கரட்டு நிலத்தில் 1913இல் எண்ணெய் வந்து, பதினொரு வயதில் நாடே அவளைப் பற்றிப் பேசியது. ஆனால் நான் சொன்ன 1908 சட்டம் ஃப்ரீட்மென் நிலத்துக்கு எந்தப் பாதுகாப்பும் வைக்கவில்லை. அவர்கள் நிலம்தான் முதலில் கரைந்தது. அப்புறம் 1979இல் மஸ்கோகி புதிய அரசியல் சாசனம் எழுதியபோது ரத்த வழி வந்தவர்களுக்கே குடியுரிமை என்று வைத்து அவர்களை வெளியே தள்ளிவிட்டார்கள். 2025 ஜூலையில் மஸ்கோகி உச்ச நீதிமன்றமே அது 1866 உடன்படிக்கைக்கு விரோதம், அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

இதே முள் ஜமைக்காவிலும் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து மலைக்குள் தப்பிப் போய் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மரூன் மக்களோடு 1739இல் உடன்படிக்கை போட்டார்கள். நிலமும் சுதந்திரமும் கிடைத்தது. பதிலுக்கு, தோட்டங்களிலிருந்து ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அப்படியும் 1796இல் டிரெலானி டவுன் மரூன்கள் 500 பேருக்கு மேல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள்.

அதனால் கயல், ஜமைக்கா முழுவதையும் கிரீக் இனத்தோடு ஒப்பிடுவதைவிட, அக்கம்பாங் ஊரின் மரூன் மக்களை ஓக்லஹோமாவின் மஸ்கோகி மக்களோடு வைத்துப் பார். இருவர் கையிலும் உடன்படிக்கைக் காகிதம் இருக்கிறது. 2020இல் மெகர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கிரீக் ரிசர்வேஷன், அதாவது உடன்படிக்கைப்படி அந்த இனத்துக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதி, இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அக்கம்பாங் மக்கள் 1739ஐக் காட்டித் தன்னாட்சி கேட்கிறார்கள், ஜமைக்கா அரசு நாட்டுக்குள் இன்னொரு இறையாண்மை கிடையாது என்கிறது. ஒரு காகிதத்துக்கு உயிர் இருந்தால் மருத்துவமனை வருகிறது, கல்லூரி வருகிறது. சாரதா சொன்னதை இதோடு சேர்த்துப் படி.

கயல் எழுதியது:

ஐயா, அக்கா, வரதன் அண்ணா, மூவருக்கும் நன்றி. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். குடும்ப நிலத்தை நல்லது என்று எழுதலாமா?

மேண்டவில் வாத்தியார் எழுதியது:

நல்லது என்று மட்டும் எழுதாதே. அந்த ஆசிரியையின் வீட்டில் கூரை பாதியில் நின்றது. பத்திரம் இல்லாததால் வங்கி கடன் தரவில்லை. சுவர் எழுந்தது அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில், தளம் போட்டது ‘பார்ட்னர்’ சீட்டு எடுத்த பணத்தில். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம் வருஷத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் அந்த நாட்டுக்கு வருகிறது. இப்படித்தான் ஒவ்வொரு சுவராக எழுகிறது. அனுப்புகிற அம்மாவை வருஷக்கணக்கில் பார்க்காமல் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள், அதையும் எழுது. இங்கே ஓக்லஹோமாவிலும் முப்பது வாரிசு கையெழுத்து இல்லாமல் பக்கத்து வீட்டுப் பெரியவரால் ஒரு வேலிகூடப் போட முடியவில்லை. பாதி ரத்தம் இல்லாத வாரிசுக்குப் போனால் நிலத்தின் பாதுகாப்பே போய்விடும் என்றிருந்த 1947 விதியை 2018 கடைசியில்தான் எடுத்தார்கள்.

அந்தக் கூரை இப்போது முடிந்துவிட்டதா என்று போன மாதம் கேட்டேன். சமையலறைக்கு மேலே மட்டும் பாக்கியாம்.