இறந்த ஆசானின் படம் உங்கள் மேசையில் என்ன பேசியது?

காப்பிக்கடைக் கணியன் எழுதியது:

பகடை உருட்டி ஆடும் மாயக்கதை ஆட்டங்களில், இறந்துபோன ஆசான் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டு பேசுவது அரதப் பழசான உத்தி. பல மேசைகளில் அந்தப் படத்துக்கு ஒரே வேலைதான்: ஆட்டக்காரர்கள் திக்குத் தெரியாமல் விழிக்கும்போது வழி சொல்வது. "வடக்கே போ, மூன்றாவது குகையில் வாள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். இதற்கு ஓர் ஆசான் சாக வேண்டுமா? அம்புக்குறி போட்ட பலகை போதாதா?

எங்கள் மேசையில் வேறு விதமாக நடந்தது. அதை எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

சிங்கப்பூரின் தோ பாயோவில், ஆட்டத்தை நடத்தும் எங்கள் கதைசொல்லியின் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், சனிக்கிழமை மாலைகளில் தமிழிலேயே ஆடுகிறோம். விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பினுடையவை, உலகம் எங்களுடையது. அந்த உலகத்தின் துறைமுக நகரம் ஒன்றில் காற்றுப் பள்ளி இருக்கிறது. கடற்காற்றைக் கயிற்றில் முடிந்துவைத்து, வேண்டும்போது அவிழ்த்துப் பாய்க்குக் கொடுக்கும் வித்தையை அங்கே கற்பிக்கிறார்கள். பள்ளியின் தலைவர் ஆசான் இளவெயினர். என் பாத்திரமான செங்கோடன் அவருடைய கடைசி மாணவன். உப்புவாயில் முற்றுகையில் எங்களைப் படகில் ஏற்றிவிட்டு அவர் பாலத்தில் தனியாக நின்றார். கதைசொல்லி அவருக்காக இருபது முகப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். அது என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பல அமர்வுகள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினோம். கூடத்தில் அவருடைய படம். கதைசொல்லி அதைத் தாளில் பெரிதாக அச்சிட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் உண்மையாகவே ஒட்டியிருந்தார். "படத்தில் ஆசானுக்குத் தாடி நரைக்கவில்லை. இடக்கை மடியில் இருக்கிறது. ஐந்து விரல்கள்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார். நாங்கள் அறிந்த இளவெயினருக்கு அந்தக் கையில் நான்கு விரல்தான்.

நான் எழுந்து நின்றே சொன்னேன்: "ஆசானே, செங்கோடன் வந்திருக்கிறேன். என்னைத் தெரிகிறதா?"

படம் என்னை மேலும் கீழும் பார்த்தது. "தெரியவில்லையே. உன் பெயர் என்ன சொன்னாய்? எங்கே குடியிருக்கிறாய்?"

அந்தப் படம் வரையப்பட்டது செங்கோடன் பள்ளியில் சேர்வதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பு. வரைந்து முடித்த நாள்வரை ஆசானுக்குத் தெரிந்ததுதான் படத்துக்கும் தெரியும். எனக்காகத்தான் அந்த மனிதர் பாலத்தில் நின்றார். அவர் படத்துக்கு நான் வழிப்போக்கன்.

எங்களில் மூத்த மாணவியான நக்கண்ணையை மட்டும் அடையாளம் கண்டுகொண்டது. அதுவும் எப்படி? "அட, இவ்வளவு வளர்ந்துவிட்டாயா? அன்றைக்குக் கொடுத்த கயிற்றை முறுக்கி முடித்தாயா, இல்லையா?" என்று. நக்கண்ணையாக ஆடுபவர் ஒரு கணக்காய்வாளர். அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவர். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, ஆசானே" என்று அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சமாளிக்கப் பார்த்து, "உங்கள் விரல் எப்படிப் போயிற்று?" என்று கேட்டுவிட்டார். படம் தன் மடியைக் குனிந்து பார்த்தது. "எந்த விரல்?"

மிச்சத்தை வில்லாளி எழுதட்டும். அது அவர் செய்த காரியம்.

தெம்பனிஸ் வில்லாளி எழுதியது:

நான் செய்த காரியமாம்! மரியாதைதான் செய்தேன்.

ஆசான் படத்தைப் பார்க்கப்போகிறோம் என்று முந்தின வாரமே தெரியும். வரும் வழியில் தேக்காவில் இறங்கி, பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் ஒரு மல்லிகை மாலை வாங்கி வந்தேன். நிஜ மாலை. நம் வீடுகளில் பெரியவர்கள் படத்துக்கு மாலை போடாமல் ஒரு நல்ல காரியம் தொடங்குவோமா? ஆகவே என் முறை வந்ததும், "படத்துக்கு மாலை சாத்துகிறேன்" என்று சொல்லிச் சுவரில் இருந்த தாளுக்கு மேலேயே மாட்டிவிட்டேன்.

கதைசொல்லி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஆசான் குரலில் மெதுவாகக் கேட்டார்: "மாலை எதற்கு?"

உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? அவ்வளவுதான், படத்துக்கு விளங்கிவிட்டது. தான் இறந்துபோனது அதற்கு அதுவரை தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. நக்கண்ணை என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதற்குத் தனியாகப் பகடை உருட்டியிருக்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துக் கதைசொல்லியின் அம்மா சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்தார். சுவரில் மாலை போட்ட ஆள், மேசையைச் சுற்றி வாயடைத்துப் போன நாங்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "யாரப்பா தவறிவிட்டார்?" என்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "எங்கள் ஆசான், அம்மா" என்றேன். "எப்போது?" என்றார். "உப்புவாயில் முற்றுகையில்." அம்மா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உட்லண்ட்ஸ் ஒற்றன் எழுதியது:

எங்கள் மேசையில் வந்தது போலிப் படம். சமூக மன்றத்து அறையில் ஆடும் குழு எங்களுடையது. அரண்மனையில் ராஜகுருவின் படம் பேசியது, "இளவரசனை நம்பாதே" என்றது. நாங்களும் நம்பி, அந்த அப்பாவியைச் சிறையில் போட்டுவிட்டோம்.

மறுநாள் எங்கள் திருடி அதே படத்தின் முன்னால் போய் நின்றாள். ஒரு சொல் மாறாமல் அதே பேச்சு. என்ன கேட்டாலும் அதே பேச்சு. பிறகுதான் பொறி தட்டியது: அது 'மாயவாய்' மந்திரம். ஒரு பொருளில் 25 சொற்களுக்கு மேற்படாத செய்தியைப் பதித்துவைக்கலாம். சொன்ன நிபந்தனை நிறைவேறினால் பொருள் வாய்திறந்து அதைச் சொல்லும். எண்ணிப் பார்த்தோம், சரியாக 25. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: அந்த விதி ஆங்கிலத்துக்குப் போட்டது. தமிழில் 'நம்பவேண்டியதில்லையென்று' என்பதையும் ஒரு சொல்லாகக் கணக்குக் காட்டிவிடலாம். எங்கள் வில்லன் அப்படித்தான் ஒரு சதித்திட்டத்தையே உள்ளே திணித்திருந்தான். எங்கள் மேசையில் இனி 25 சொல் கிடையாது, 15 தான்.

கணியன் சொன்னதை வைத்துப் பார்த்தால் உண்மைப் படத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிடோக் கோடரி எழுதியது:

எனக்குப் பிடிக்கவில்லை. அதே மேசையில்தான் நானும் இருந்தேன். ஒரு படத்தோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசினார்கள். என் கோடரி உறையிலிருந்து வெளியே வரவே இல்லை. முறுக்கு நன்றாக இருந்தது.

கதைசொல்லி எழுதியது:

கோடரிக்கு அடுத்த அமர்வில் ஒரு பூதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கான விதியை எங்கிருந்து எடுத்தேன் என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பாதி விதிநூலில் இருக்கிறது. இறந்தவரோடு பேசும் மந்திரம் மூன்றாம் நிலையைச் சேர்ந்தது: பத்து நிமிடம், ஐந்து கேள்விகள். பிணத்துக்கு உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டுமே தெரியும். உண்மை சொல்லியே தீரவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. ஒருமுறை எழுப்பிய பிணத்தைப் பத்து நாள் கழியாமல் மறுபடி எழுப்ப முடியாது. இதில் நான் மாற்றியது ஒன்றைத்தான்: எல்லையை இறந்த நாளில் வைக்காமல், படம் வரைந்த நாளில் வைத்தேன். ஓவியர் தூரிகையை வைத்த பிறகு ஆசானுக்கு நேர்ந்த எதுவும் படத்துக்குள் போகாது, இல்லையா?

மீதிப் பாதி நம் பாட்டிகள் கதையிலிருந்து வந்தது. விக்கிரமாதித்தன் தோளில் தூக்கிப் போகும் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் என்ன செய்கிறது? அவன் கேட்டதற்குப் பதிலா சொல்கிறது? அது கதை சொல்லி, கேள்வியும் கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்று மிரட்டுகிறது. போஜராஜனைப் படிக்குப் படி நிறுத்தி மடக்கும் 32 பதுமைகளும் அப்படித்தான். பேசாதது பேசினால் உயிரோடிருப்பவனைத்தான் சோதிக்கும் என்பது நமக்குப் பழகிய நியாயம். அதனால் எங்கள் படத்துக்கும் ஒரு விதி வைத்தேன்: நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், அது ஒன்று கேட்கும்.

முதல் இரண்டு கேள்விகள் மட்டும் ஓர் ஓவியத்திலிருந்து எடுத்தவை. தேசிய கலைக்கூடத்தில் சுவா மியா தீ வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஓவியம். மாணவர்கள் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள், ஆசிரியர் நிற்கிறார். பின்னால் கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே குடியிருக்கிறாய்? சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டில் வரைந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றால், மாணவர்களை விட்டுவிட்டு நம்மைத்தான் கேட்கிறார்களோ என்று இருக்கும். சின்னக் கேள்விகள். செங்கோடனுக்கு அவை எப்படிக் கேட்டன என்று கணியனைத்தான் கேட்க வேண்டும்.

காப்பிக்கடைக் கணியன் எழுதியது:

சுருக்கென்று கேட்டன. அதைப் பிறகு பேசுவோம். மாலைக்குப் பின் நடந்ததை யாரும் எழுதவில்லையே.

தான் இறந்தது தெரிந்ததும் படம் அழவில்லை, தத்துவமும் பேசவில்லை. "மேற்கு மூலையில் கூரை ஒழுகுமே, ஓடு மாற்றினீர்களா?" என்றது. "பள்ளியை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்றது. ஒரு நிர்வாகியின் கவலைகள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் மாணவன் என்கிறாயே, நான் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தேன்? காட்டு" என்றது.

கதைசொல்லி மேசைக்கு அடியிலிருந்து ஒரு முழம் கயிற்றை எடுத்து என் முன்னால் போட்டார். உண்மையான கயிறு. ஆசான் கடைசிக் காலத்தில் கண்டுபிடித்த புயல்முடிச்சைச் செங்கோடன் போட்டுக்காட்ட வேண்டும். அதாவது நான் ஏதாவது ஒரு முடிச்சைப் போட வேண்டும். இரண்டு கண்ணி வைத்து, ஒன்றை மற்றதன் வழியாக இழுத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். எதிரே இருந்தவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்த்துவிட்டது.

"தப்பு. முனையை வெளியே விட்டால் காற்று கசியும். இதை எவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?" என்றது படம்.

"நீங்கள்தான்."

"நானா? நான் இப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"நான் சேர்ந்த ஆண்டுவரை நீங்களும் முனையை உள்ளேதான் விட்டீர்கள். அப்படி முடிந்த காற்றை அவிழ்க்கும்போதுதான் உங்கள் விரல் போயிற்று."

அப்போது நானாக இட்டுக்கட்டியது அது. கதைசொல்லி மறுக்காமல் குறித்துக்கொண்டார். இப்போது அது எங்கள் உலகத்தின் வரலாறு. படம் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் முடியும்வரை சண்டைதான். பேசாத சிலையிடம் படித்த ஏகலைவனுக்கே கட்டைவிரல் போயிற்று, பேசும் படத்திடம் வாயாடுகிறாயே என்று நக்கண்ணை காதருகே எச்சரித்தார். உண்மையைச் சொன்னால், இந்த ஆட்டத்தில் நான் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சண்டை போட்டதே இல்லை. உப்புவாயில் பாதையைப் பற்றிக் கேட்க வந்தோம். அதைக் கேட்க ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கள் உலகத்தில் பத்து நாள் ஆவதற்குள் பூதத்தை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மறுபடி ஐந்து கேள்விகள். பாதைக்கு இரண்டு, நக்கண்ணைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கோடரி விரும்பினால் அவருக்கும் ஒன்று. வில்லாளிக்குக் கிடையாது. பூ வாங்கி வருவதையும் தயவுசெய்து தவிர்க்கவும். அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.