இணைய வாய்மொழியா, மின்னலரா?

குழுமத்தாருக்கு வணக்கம். தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்கான நூலில் நுகர்வோர் நடத்தை இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் ஒரு பொருளைப் பற்றி இணையத்தில் எழுதுவது, அந்த பிராண்டைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் தோற்றத்தை மாற்றி, நேரடியாகவும் அத்தோற்றத்தின் வழியாகவும் வாங்கும் எண்ணத்தை இயக்குகிறது என்பதே இயலின் சாரம். ஈரானின் கார்ச் சந்தையில் இதைச் சோதித்த 2012ஆம் ஆண்டு ஆய்வும் அதில் விளக்கப்படுகிறது. 'கொள்முதல் நோக்கம்' என்றால் நெல் கொள்முதல் நிலையமே நினைவுக்கு வரும் என்பதால் 'வாங்கும் எண்ணம்' என்று எழுதிவிட்டேன். அந்நியர் எழுதும் அந்தக் கருத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் electronic word of mouth எனப்படுவதற்கு, 'இணைய வாய்மொழி' பொருந்துமா?

*

அம்மையீர், பொருந்தாது. வாய்மொழி இலக்கியம், வாய்மொழித் தேர்வு என ஏட்டில் ஏறாததற்கு நிலைபெற்றுவிட்ட சொல் அது. சிலர் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும் ஊரறிய விரிவதை அலர் என்றும் பிரித்தறிந்த மொழி நம்முடையது. அலர்தல் என்பதே மலர்தல். 'கண்டது மன்னும் ஒருநாள்' என்னும் குறளில் தலைவி, சந்தித்தது ஒரு நாளே ஆயினும் பேச்சு நிலவைப் பாம்பு பற்றியதுபோல் பரவிவிட்டது என்கிறாள். ஒருவர் வாங்கிய குக்கரின் ரப்பர் வளையம் இரண்டே மாதத்தில் தளர்ந்து ஆவி கசிந்ததை ஆயிரக்கணக்கானோர் படித்து வேறு குக்கருக்குத் தாவுவதும் அதுவே. மின்வழிப் பரவும் அலர் என்னும் பொருளில் மின், அலர் இரண்டையும் சேர்த்தால், தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் ஆதலால் 'மின்னலர்' என்க. பிராண்டின் தோற்றத்தையும் 'வணிகப்பெயர்ப் படிமம்' என மாற்றுக.

*

ஐயா, புணர்ச்சியில் பிழையில்லை. எனினும் மின்னலர் என்று அச்சில் காணும் மாணவர் மின்னலைத்தான் எண்ணுவார். அலர் பெரும்பாலும் பழிச்சொல்; இந்த இணையக் கருத்துக்கு 2004இல் வகுக்கப்பட்ட வரையறையோ பாராட்டு, குறை இரண்டையும் உள்ளடக்குகிறது. 'மதிப்புரை' எளிது, ஆயினும் வாட்ஸ்அப்பில் கைமாறும் பரிந்துரை அதற்குள் அடங்காது.

*

'அலரெழ ஆருயிர் நிற்கும்' என்ற குறளை மறந்துவிட்டீர்கள். அங்கே அலர் உயிரைக் காக்கிறது. பழியே மேலோங்கினாலும் குற்றமில்லை. புத்தக விற்பனைத் தளங்களை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து நட்சத்திரப் புகழைவிட ஒற்றை நட்சத்திரக் குறையே விற்பனையை வலுவாக அசைத்தது.

*

அனைவருக்கும் நன்றி. தேர்வறையில் வினாவைப் படித்ததும் விளங்க வேண்டும் என்னும் பெரும்பான்மைக் கருத்தை ஏற்று 'இணைய வாய்மொழி' என்றே அனுப்புகிறேன். 'படிமம்' கவிதைக்கு உரியதாகிவிட்டதால் 'பிராண்ட் தோற்றம்' நீடிக்கட்டும்.

*

அச்சாகட்டும், அம்மையீர், நான் தடுக்கவில்லை. ஆனால் வாய்மொழி சொன்ன இடத்திலேயே கரைந்துவிடுகிறது. இணையத்தில் எழுதியதோ ஆண்டுகள் கடந்தும் நின்று, இன்று வாங்க வருபவரின் எண்ணத்தைத் திருப்புகிறது. அந்த நிலைபேற்றை உணர்த்தும் சொல் கிடைக்கும்வரை என் மறுப்பைக் கலைச்சொல் பட்டியலில் பதிந்து வையுங்கள்.