அச்சாணியா, சாவியா, காடியாணியா?

பொருள்: மறு: மறு: 'கீ' என்பதற்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

நாம் எழுதும் தமிழ்க் கையேட்டில், சக்கரத்தை அச்சோடு சேர்த்துச் சுற்றவைக்கும் சின்ன இரும்புத் துண்டான 'கீ'-க்கு என்ன சொல் போடுவது என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு வந்த மடலைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

> அச்சையும் சக்கரத்தையும் சேர்க்கும் கீ-க்குப் புதுச்சொல் எதற்கு? அச்சாணி இருக்கிறதே. வள்ளுவரே சொல்லிவிட்டார்.

வள்ளுவர் சொன்னது சரிதான், ஆனால் அவர் சொன்ன பொருள் வேறு. அந்த வேறுபாடு தெரியாததால் போன மே மாதம் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் நூற்றுக்கணக்கான டாலரும் போயிருக்கும்.

நான் இருப்பது ஒஹாயோவில், ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் மனை. இங்கே மே மாதப் புல் வாரம் தவறாமல் வெட்டினால்தான் அடங்கும். அதற்கென்று ஒரு பழைய தோட்ட டிராக்டர் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டுவது, வயிற்றுக்கடியில் வெட்டும் தட்டு, முன்னால் எஞ்சின். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் பின்னச்சில் இருக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி எண்ணெயை அழுத்தித் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதில் நீரும் இல்லை, எதுவும் நிலையாக நிற்பதும் இல்லை. அதை 'நீர்நிலையியல்' என்று பெயர்க்க வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன், அதற்குத் தனி இழை போடலாம்.

சரி, நடந்தது இது. வாய்க்கால் ஓரச் சரிவில் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, வெட்டுத் தட்டு சுற்றுகிறது, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையவில்லை. முதலில் பின்பக்கத்துக் கம்பியைப் பார்த்தேன். வண்டியைக் கையால் தள்ள வேண்டுமென்றால் அந்தக் கம்பியை இழுத்து எண்ணெயைச் சுற்றிப் போக விடுவார்கள். இழுத்தவர் மறந்துவிட்டால் மிதிக்கு வேலையே இருக்காது. அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் கப்பி, கப்பியின் ஸ்பிரிங் எல்லாம் பார்த்தேன். எல்லாம் இடத்தில் இருந்தன.

பொள்ளாச்சியில் மச்சானுக்கு டிராக்டர் பட்டறை. அவரைக் கூப்பிட்டேன்.

"எஞ்சின் ஓடுது, பெல்ட்டு சுத்துது, வீலு மட்டும் சுத்தலைன்னா அச்சாணியப் பாருங்க மாப்ள."

சக்கரத்து நடு மூடியைக் கழற்றினேன். அச்சின் நுனியில் வாஷர், அதற்கு வெளியே சக்கரம் கழன்று வராமல் பிடிக்கும் கிளிப். இரண்டும் புதுசு போல இருந்தன.

"அச்சாணி நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான்."

"அப்படின்னா பெட்டிதான் போயிருக்கும்."

புதுப் பெட்டிக்கு விலை விசாரித்து, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தே பத்து நாள் ஓடிவிட்டது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மனைவியை இருக்கையில் உட்காரச் சொன்னேன். ஆள் உட்காராவிட்டால் எஞ்சின் தானே அணைந்துவிடும். நான் தள்ளி நின்று பார்க்க, அவர் மிதியை மெல்ல அழுத்தினார். சக்கரம் தரையில் அப்படியே நிற்கிறது. அதன் நடுவில் அச்சின் நுனி மட்டும் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! எஞ்சினை அணைத்துவிட்டு அச்சின் முகத்திலிருந்து சக்கரத்துக் குடம் (அச்சு நுழையும் நடுப்பகுதி) வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மறுபடி ஓட்டியதும் கோடு இரண்டாகப் பிரிந்து போனது.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கும் சதுரக் கீ அறுந்திருந்தது. என் வண்டியில் அச்சு முக்கால் அங்குலம், கீ 3/16 அங்குலச் சதுரம். சில டாலருக்குக் கடையில் கிடைத்தது. (கருவிப் பெட்டியில் கிடந்த 5 மி.மீ. சதுரக் கம்பியைச் செருகிப் பார்த்தேன். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ., அதனால் போகவில்லை. அரத்தால் ராவி நுழைக்கலாம்தான், ஆனால் கொஞ்சம் தளர்ந்தாலும் கீ அடிபட்டு அடிபட்டுப் பள்ளத்தையே தின்றுவிடும்.)

ஒரு பக்கத்துக் கீதான் அறுந்தது, இரண்டு சக்கரமும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். நடுவில் இரண்டு பக்கத்துக்கும் சுற்றைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் இருக்கிறது. எந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லையோ அந்தப் பக்கமே சுற்றைக் கொண்டுபோய்க் கொட்டும். வலது அச்சு குடத்துக்குள் சும்மா சுற்றுவதற்குத் தடையே இல்லை, அதனால் நல்ல இடது சக்கரத்துக்கும் ஒன்றும் வராது. பெட்டியே போய்விட்டது என்று ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

மச்சானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் சொன்னதே கீயத்தானுங்க மாப்ள. நீங்க தமிழ்ல எழுதுறவராச்சே, புரியட்டுமேன்னு அச்சாணின்னேன்."

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மாட்டுவண்டியில் இருசு, அதாவது அச்சு, சுற்றாது, அது வண்டியோடு சேர்ந்து நிற்கும். குடம் மட்டும் அதன்மேல் தனியாகச் சுற்றும், அதற்குத்தான் மை போடுகிறோம். சக்கரம் வெளியே கழன்று போகாமல் இருசின் கடைசியில் செருகுவதுதான் அச்சாணி, கடையாணி. "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி" என்று 667ஆம் குறள் சொல்வதும் அதைத்தான். உருவில் சிறியது, அது போனால் தேர் குடைசாயும். சக்கரத்தைச் சுற்றவைப்பது அதன் வேலை அல்ல. இழுப்பது மாடு, தேரானால் வடம் பிடிக்கும் ஆட்கள்.

டிராக்டரில் கதை தலைகீழ். அச்சுதான் சுற்றுகிறது, சக்கரம் அதோடு ஒட்டிக்கொண்டு சுற்றியாக வேண்டும். கழன்று வராமல் பிடிக்க ஒரு பொருள், கூடவே சுற்றவைக்க இன்னொரு பொருள் என்று இரண்டு தேவை. முதலாவதற்கு, அதாவது கிளிப்புக்கு, அச்சாணி என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். அதை இரண்டாவதற்கும் கொடுத்தால் என்ன ஆகும்? என்னைப் போல நல்ல கிளிப்பைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு விலை கேட்கப் போவார்கள்.

> அப்படியானால் 'சாவி' போதுமே.

போதாது. இதற்கு இலக்கணமெல்லாம் வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். "சாவி உடைந்தால் வண்டி நகராது" என்று கையேட்டில் எழுதுங்கள். படிப்பவர் எஞ்சினைக் கிளப்பும் சாவியைத்தான் எடுத்துப் பார்ப்பார். பூட்டின் கீயும் அச்சின் கீயும் ஒரே பெயரில் இருப்பது ஆங்கிலத்தின் பழக்கம், அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. சாவி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது என்பது வேறு விஷயம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஜன்னலையும் அலமாரியையும் என்ன செய்துவிட்டோம்?

'கீ' என்றே விட்டுவிடலாம் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. பட்டறையில் அதுதான் புழக்கம், "கீ கட்டாயிருச்சு" என்றால் யாருக்கும் விளங்கும். பட்டறைக்கு வெளியே இருப்பவருக்குத்தான் விளங்காது. நாம் எழுதுவது அவருக்கு.

என் முன்மொழிவு: காடியாணி. தச்சர்கள் பலகையில் இழைக்கும் நீளப் பள்ளம் காடி. அச்சிலும் காடி, குடத்திலும் காடி, இரண்டையும் நேராக வைத்தால் நடுவில் ஒரு சதுரத் துளை வரும். அதில் நிரம்பி உட்காருவது காடியாணி. கீ உட்காரும் பள்ளமான கீவே-க்குத் தனியாக ஒரு சொல் தேடவும் வேண்டாம், காடியே போதும். அரைவட்டமாக வரும் வுட்ரஃப் கீ-க்குப் பிறையாணி எனலாம். (அதை உருவாக்கிய வுட்ரஃப்புக்கு 1888இல் அமெரிக்காவின் ஃபிராங்ளின் நிறுவனம் ஜான் ஸ்காட் பதக்கம் கொடுத்தது. இத்துனூண்டு இரும்புக்குப் பதக்கம்!) மாவு மில் கப்பி, பம்புசெட், லேத்து என்று எங்கே கீ இருந்தாலும் இந்தச் சொல் போகும். தோட்ட டிராக்டருக்காக மட்டும் நான் கேட்கவில்லை.

அன்புடன்,
புல் வெட்டுபவன்

*

பொருள்: மறு: மறு: மறு: 'கீ' என்பதற்குத் தமிழ்ச் சொல்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மலேசிய நண்பர் வயிறு குலுங்கச் சிரித்ததாக எழுதியிருக்கிறார். அங்கே காடி என்றால் கார், ஆகக் காடியாணி என்பது காரில் ஏறிய ஆணி, டயர் பஞ்சர்! இது எனக்குத் தோன்றவே இல்லை. வேறு ஒருவர் பழைய சோற்றுப் புளிப்புக் காடியை நினைவூட்டினார். அது பெரிய குழப்பமில்லை, அச்சுக்குப் பக்கத்தில் யாரும் கஞ்சித் தண்ணீரை எதிர்பார்க்க மாட்டார்கள். மலேசியச் சிக்கல் மெய்யான சிக்கல். அங்கே போகும் பிரதியில் முதல் இடத்தில் மட்டும் 'காடியாணி, அதாவது பட்டறைக்காரர் சொல்லும் கீ' என்று போட்டுவிடலாம். எல்லாப் பிரதியிலும் போட்டாலும் நல்லதுதான்.

ஒருவர் முன்மொழிந்த 'பிணையாணி' நன்றாக இருக்கிறது, வேலையைச் சொல்கிறது. ஆனால் பிணைப்பது போல்ட்டும் செய்யும், துளையில் செருகி மடக்கும் காட்டர் பின்னும் செய்யும். 'பலியாணி' என்றவரின் நகைச்சுவை பிடித்தது. எஞ்சினின் பறக்கும் சக்கரத்தில் (ஃப்ளைவீல்) வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் கீ போடுவார்கள், கத்தி கல்லில் மோதினால் அது அறுந்து பெரிய செலவைக் காப்பாற்றட்டும் என்று. அதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அச்சின் கீயை அப்படிப் பலி கொடுக்க யாரும் செருகுவதில்லை.

கீ அறுவதைச் சொல்ல 'சறுக்குப்பெயர்ச்சி' என்ற சொல் வேண்டும் என்கிறார் இயற்பியல் ஆசிரியர். பாடநூலில் இருக்கட்டும் ஐயா. கையேட்டில் 'அறுந்தது' போதும்.

பழுதுபார்க்கும் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன். வண்டியில் கை வைத்தவர்கள் படித்துவிட்டுத் திருத்துங்கள்:

"எஞ்சின் ஓடியும் சக்கரம் சுற்றவில்லையா? தள்ளுவதற்கான கம்பி இழுபட்டிருக்கிறதா, பெல்ட் கப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு பின்சக்கரத்திலும் அச்சுக்கும் குடத்துக்கும் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, சமதரையில் மிதியை மெல்ல அழுத்துங்கள். கோடு பிரிந்தால் அந்தப் பக்கத்துக் காடியாணி அறுந்திருக்கிறது. எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றி, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தைத் தாங்கியில் நிறுத்தியபின் அச்சாணியை எடுத்துச் சக்கரத்தை உருவுங்கள். காடியில் துரு இருந்தால் சுரண்டி, அச்சில் மை தடவிப் புதுக் காடியாணியைச் செருகுங்கள். அச்சாணியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்."

'மை' என்று எழுதியிருப்பது துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் தடவும் பசையை. அதற்கு யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் இன்னொரு இழை தொடங்குங்கள், இந்த வாரம் புல் வெட்ட வேண்டும்.